இஸ்திரிப் பெட்டி தின்ற சக்கரம்

ரிஜிஸ்திரார் என் இடது கட்டைவிரலை நேராகத் தொடக் கூச்சப்பட்டார். ஒரு துண்டுத் துணியைச் சுற்றி அடிவிரலைப் பிடித்துக்கொண்டு, மைத்தகட்டில் ஒரு புரட்டுப் புரட்டினார். காகிதத்தில் வைத்து அழுத்தி எடுத்தார். குனிந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

காகிதத்தில் ஒரு நாவல்பழம் இருந்தது. ரேகை என்று சொல்ல ஒரு கோடு இல்லை, ஒரு சுழி இல்லை. கறுப்பாக, வழுவழுவென்று ஒரு நாவல்பழம்.

மை அதிகம் என்று நினைத்தாரோ என்னவோ, விரலைத் துடைக்கச் சொல்லி மறுபடி எடுத்தார். பிறகு மை குறைவு என்று நினைத்து மூன்றாம் தடவையும் எடுத்தார். வரிசையாக மூன்று நாவல்பழம் ஆயிற்று. அவர் என் வீட்டுக்காரரைப் பக்கத்தில் அழைத்து, இந்த அம்மாளுக்கு ஏதாவது வியாதி உண்டா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். குஷ்டம் போன்ற பெருவியாதிக்காரர்களுக்கு ரேகை வைப்பதில் விலக்கு உண்டாம்.

“வியாதி ஒண்ணும் கிடையாது சார். இஸ்திரி” என்றார் என் வீட்டுக்காரர், பட்டம் வாங்கிய செய்தியைச் சொல்வதுபோல.

எதிர்ச் சுவரோரம் என் அண்ணன் சண்முகம் நின்றிருந்தான். அவன் பக்கத்தில் அவன் மனைவி ஆவுடை மதினி, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள். நாவல்பழத்தைப் பார்த்ததும் அண்ணனின் முகம் கறுத்துவிட்டது.

கூடப்பிறந்த மூத்தவனை ‘அவன்’ என்று எழுதுகிறேனே என்று யாரும் எனக்குக் கடிதம் போட வேண்டாம். முழுவதும் படித்துவிட்டுப் போடுங்கள்.

விஷயம் இதுதான். அந்த ஆபீஸில் இருந்த ரேகைப் புத்தகத்தில், என் பெயருக்கு நேரே, இரண்டு வருஷத்துக்கு முன் வைத்ததாக ஒரு கட்டைவிரல் ரேகை இருந்தது. என் அப்பா எனக்குக் கொடுத்த வயலை நான் மனமுவந்து அண்ணனுக்கு விட்டுக்கொடுத்ததாகப் பத்திரம். அதில் இருக்கும் விரல் என்னுடையது இல்லை என்று சொல்லத்தான் நான் போயிருந்தேன். எந்த ஊர் ஆபீஸ் என்று சொல்லமாட்டேன். சேரன்மகாதேவியில் ரயிலை விட்டு இறங்கி வண்டி பிடித்துப் போக வேண்டும், அதுவரை சொல்லலாம்.

என் விரல் ஏன் நாவல்பழம் ஆனது என்று சொல்லாமல் மேலே போக முடியாது.

கோட்டுக்காரர்

என் வீட்டுக்காரர் பெயரை எழுதக் கூடாது. அதனால் இந்தத் தொடரில் ஆரம்பம் முதல் அவரைக் கோட்டுக்காரர் என்றே எழுதிவருகிறேன். அவரும் கோபித்துக்கொள்ளமாட்டார். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரைவிடக் கோட்டின்மேல்தான் மரியாதை அதிகம்.

நாங்கள் பேட்டையில் குடியிருந்தோம். அவர் பாளையங்கோட்டையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. வக்கீலுக்கு இரண்டு கோட்டு இருந்தது, இவருக்கு ஒன்று. ஆனால் பார்க்கிறவர்கள் யார் வக்கீல், யார் குமாஸ்தா என்று திகைக்க வேண்டும் என்பது இவருடைய ஆசை. கறுப்பு அல்பாகாக் கோட்டு. அதில் ஒரு சுருக்கம் இருந்தால் அன்றைக்கு வீட்டில் காப்பியிலிருந்து எல்லாம் தப்பு.

முதலில் கோட்டு சலவைக்காரரிடம்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் காலை எங்கள் தெரு வழியே ஒரு மாப்பிள்ளை ஊர்வலம் போயிற்று. மேளச் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்த கோட்டுக்காரர், மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மூன்றாவது பொத்தானைப் பார்த்தார். மூன்றாவது பொத்தான் தெறித்துப்போய், நான்தான் வேறு நிறப் பொத்தான் தைத்துக் கொடுத்திருந்தேன். அவருடைய கோட்டு அவர் வீட்டு வாசல் வழியாக, மாலையும் கழுத்துமாக, குதிரைமேல் போய்க்கொண்டிருந்தது.

மாப்பிள்ளைக்கு அது நன்றாகவே பொருந்தியிருந்தது. அதைச் சொன்னதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அடுத்த வாரமே தூத்துக்குடிக்குப் போய் ஒரு இஸ்திரிப் பெட்டி வாங்கிவந்தார். ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். மூடியைப் பூட்டும் கொக்கியில் ஒரு சேவல் நின்றது. அவருக்கு அந்தச் சேவலை மிகவும் பிடித்திருந்தது. உள்ளே கங்கு போட்டு, அந்தப் பெட்டியைத் தூக்கித் தேய்க்கும் வேலை எனக்கு வந்தது.

இடது கைக்கு வந்த உத்தியோகம்

பெட்டி சூடேறிவிட்டதா என்று பார்க்க ஒரே வழிதான் உண்டு. விரலை நாக்கில் தொட்டு, பெட்டியின் அடியில் ஒரு கணம் வைத்து எடுக்க வேண்டும். ‘சுர்’ என்றால் சரி.

இதில் ஒரு சிக்கல் வந்தது. என் மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அத்தைக்கு எச்சில் என்றால் பாம்பைக் கண்ட மாதிரி. நாக்கில் வைத்த விரலோடு அடுப்படிக்குள் எப்படி நுழையலாம் என்று கேட்டாள். ஒவ்வொரு தடவையும் கைகழுவிக்கொண்டு வந்தால் பெட்டி ஆறிவிடும் என்று கோட்டுக்காரர் சொன்னார். தாயும் மகனும் அரைநாள் விவாதித்து ஒரு தீர்ப்புக்கு வந்தார்கள். வலது கை சமையலுக்கு, இடது கை இஸ்திரிக்கு. இடது கை ஏற்கெனவே அப்படி இப்படிப்பட்ட கை என்பதால் அதற்கு மேற்கொண்டு தீட்டு வராது.

அப்படித்தான் என் இடது கட்டைவிரலுக்கு உத்தியோகம் கிடைத்தது.

தினம் இரண்டு மூன்று ‘சுர்’. விரல்நுனி மெல்லத் தடித்தது. அதோடு போயிருந்தால் இந்த வாரம் எழுத எனக்கு வேறு விஷயம் தேட வேண்டியிருந்திருக்கும்.

ரயில் பேட்டைக்கு வந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். ஒரு திங்கட்கிழமைக் காலை. பலகைமேல் கோட்டை விரித்து, இடது கையில் ஈரத்துணியை வைத்துக்கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியைப் பலகையின் ஓரத்தில் வைத்துவிட்டுத் திரும்பினேன். அது சரிந்தது. நேரே கோட்டின் நெஞ்சில் விழப்போனது.

யோசிக்க நேரம் இல்லை. யோசித்திருந்தால் கோட்டு எரியட்டும் என்று விட்டிருப்பேன். இடது கையால் அடியில் தாங்கிவிட்டேன். ஈரத்துணி உள்ளங்கையைக் காப்பாற்றியது. கட்டைவிரல் துணிக்கு வெளியே இருந்தது. பெட்டியை வலது கையால் பிடித்து நிமிர்த்துகிற வரைக்கும் அது இரும்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த நாற்றத்தை எழுதத்தான் போனேன், வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நீங்கள் இதைச் சாப்பிடும்போது படிக்கக்கூடும்.

நான் போட்ட சத்தம் கேட்டுக் கோட்டுக்காரர் உள்ளேயிருந்து, “ஏளா, கோட்டுக்கு ஒண்ணும் ஆகலியே?” என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்விக்காக அவரை நான் ஆயுசு முழுவதும் ஆட்டிவைத்திருக்கிறேன். நியாயமாக மீதியையும் சொல்ல வேண்டும். வெளியே வந்து என் விரலைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குத் தண்ணீர் தெளிக்க ஆள் தேட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு கோட்டை அவரேதான் தேய்த்துக்கொண்டார், கதவைச் சாத்திக்கொண்டு. யாராவது பார்த்துவிட்டால் ஆண்பிள்ளைக்கு அவமானம் அல்லவா? நானும் பார்க்காததுபோல இருந்துவிட்டேன். உள்ளே அடிக்கடி ‘சுர்’ என்ற சத்தமும், ‘ஸ்ஸ்’ என்ற சத்தமும் கேட்கும். அந்த ‘ஸ்ஸ்’ கேட்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் பிரியமாக இருக்கும்.

ஆவுடை மதினியின் பத்து நாள்

வெந்த விரலுக்கு ஊரில் உள்ள வைத்தியம் எல்லாம் நடந்தது. முதலில் மை ஊற்றினார்கள். பிறகு தேன். பிறகு யாரோ ஒருவர் மாவைக் குழைத்து அப்பச் சொன்னார். நல்லவேளையாக அதற்குள் ஆவுடை மதினி வந்து சேர்ந்தாள்.

எங்களுக்குள் ஐந்து வயது வித்தியாசம். பிறந்த வீட்டில் அம்மா அப்போது படுத்த படுக்கை. என் விரல் வெந்தது தெரிந்தால் உயிரை விட்டுவிடுவாள். அதனால் விஷயத்தை மதினிக்கு மட்டும் சொல்லி அனுப்பினேன், வேறு யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஆணை வைத்து. எனக்குக் காய்ச்சல் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு வந்தாள். காய்ச்சல் எப்படியிருக்கிறது என்று அவன் பத்து நாளில் ஒரு கார்டு போடவில்லை. சரி, அது போகட்டும்.

மதினி சுண்ணாம்புத் தெளிவையும் தேங்காய் எண்ணெயையும் வெண்ணெய் மாதிரி வரும்வரை அடிப்பாள். அதைத் தொட்டுப் போட அவளுக்கு ஒரு கோழி இறகு வேண்டியிருந்தது. சைவ வீட்டுக்குள் கோழி இறகா என்று அத்தை குதித்தாள். இறகைத் தின்னப் போவதில்லை என்று மதினி சொல்லிவிட்டுப் பக்கத்துத் தெருவில் போய் வாங்கிவந்தாள். காலையில் ஒருதரம், மாலையில் ஒருதரம். என் தலையைப் பின்னிவிட்டதும் அவள்தான். ஒரு கையால் சடை பின்ன முடியாது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ செத்த தோல் உரிந்து வந்தது. கீழே ரோஜா நிறத்தில் புதுத் தோல். மதினி அதை வெளிச்சத்தில் பிடித்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

“ஏட்டி கோமதி, சக்கரத்தைக் காணலியே” என்றாள்.

அது சின்ன விஷயம் இல்லை. என்னைப் பெண் பார்க்க வந்தபோது அத்தை என் முகத்தைவிட விரல்நுனிகளைத்தான் அதிக நேரம் பார்த்தாள். விரல் ரேகை வட்டமாகச் சுழித்திருந்தால் சக்கரம், வளைந்து ஒருபக்கம் ஓடினால் சங்கு. எனக்கு ஒன்பது சக்கரம், ஒரு சங்கு. இடது கட்டைவிரல் சக்கரம் புருஷனுக்கு உத்தியோக யோகம் என்று ஜோசியர் சொல்லியிருந்தார். எனக்குக் கல்யாணம் ஆனதே அந்தச் சக்கரத்தின் தயவில்தான். இப்போது புருஷனின் கோட்டைக் காப்பாற்றப்போய், புருஷனின் யோகத்தைச் சுட்டுவிட்டேன்.

அத்தை ஒரு மாசம் எதிர்பார்த்துக்கொண்டே இருந்தாள், மகனுக்கு வேலை போகும் என்று. ஆறு மாசத்தில் அவர் பெரிய குமாஸ்தா ஆனார். அது பழைய சக்கரத்தின் மிச்சம் என்று அத்தை சொல்லிவிட்டாள்.

ஆறிய பிறகு

புண் ஆறிவிட்டால் கதை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் சுட்டுக்கொள்ளாதவர்கள். புண் ஆறுவதற்கு ஒரு மாசம். ஆறிய புண்ணோடு குடித்தனம் நடத்துவது ஐம்பது வருஷம்.

பாளையங்கோட்டையில் ஒரு துரைசானி டாக்டரிடம் கோட்டுக்காரர் அழைத்துப்போனார். தினமும் எண்ணெய் போட்டு உருவி, வலித்தாலும் விரலை மடக்கி மடக்கி நீட்ட வேண்டும் என்று அவள் சொன்னாள். வலித்தது. அதனால் மடக்கவில்லை. அவள் சொன்ன மாதிரியே தோல் சுருங்கி இழுத்துக்கொண்டது. விரலின் மேல்கணு அன்றிலிருந்து பாதிக்குமேல் மடங்குவதில்லை. இது முழுக்க என் தப்பு. இதற்கு யாரையும் திட்ட முடியாததில் எனக்கு வருத்தம்தான்.

நகம் கோணலாக முளைத்தது. மார்கழி வந்தால் தோல் வெடித்து ரத்தம் கசியும். வெயில் பட்டால் எரியும். ஊறல் எடுத்தால் சொறிந்தாலும் தீராது, ஏனென்றால் ஊறல் ஒரு இடத்தில், உணர்ச்சி வேறு இடத்தில். மழைக்கு முதல்நாள் அது ஒரு தினுசாகக் குறுகுறுக்கும். தெருவில் வடகம் போடுகிறவர்கள் என்னிடம் வந்து விரலைக் கேட்டுவிட்டுத்தான் போடுவார்கள். இரண்டு தடவை ஏமாற்றிவிட்டது. ஒரு தடவை வேண்டுமென்றே நான் பொய் சொன்னேன், அது வேறு ஒருத்திமேல் இருந்த கோபத்தில்.

பூக் கட்ட முடியாது. நாரை இழுத்துப் பிடிக்கும்போது அது நழுவிவிடும். மல்லிகைப் பூ வாங்கி அடுத்த வீட்டில் கொடுத்துக் கட்டி வாங்க வேண்டும். கட்டிக்கொடுக்கிறவள் கால்வாசியைத் தன் தலையில் வைத்துக்கொள்வாள். இது எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட ஆத்திரமாக இருந்தது.

எல்லாவற்றிலும் பெரியது, சூடு தெரியாது. விரல்நுனி மரத்துப்போயிற்று. கொதிக்கிற சட்டியின் விளிம்பை அந்தக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து இறக்குவேன். பார்க்கிறவர்கள் அலறுவார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும். அப்புறம் ராத்திரி சாப்பிடும்போது பார்த்தால் கொப்புளம் நிற்கும். தெரியாமல் சுட்டுக்கொண்டதே நாலைந்து தடவை. சுட்ட விரல் மறுபடி சுடப்படுவதற்குத் தோதாகத்தான் ஆறுகிறது.

என் பெயரில் ஒன்று

சேரன்மகாதேவிக்கு அந்தப்பக்கம், வாய்க்கால் கரையில், என் அப்பா எனக்கு ஒரு துண்டு வயல் கொடுத்திருந்தார். பெரிய வயல் இல்லை. ஒரு நடை நடந்தால் முடிந்துவிடும்.

ஆனால் உலகத்தில் என் பெயரில் இருந்தது அது ஒன்றுதான். மற்றபடி நான் இன்னார் மகள், இன்னார் மனைவி, கோட்டுக்காரர் வீட்டு அம்மா. அந்த வயலுக்கு மட்டும் ‘கோமதியம்மாள் வயல்’ என்று பெயர். அந்தப்பக்கத்து ஆட்கள் மாட்டை மேய்த்துக்கொண்டு போகும்போது, கோமதியம்மாளுக்குள் மாடு இறங்கிவிட்டது என்று சத்தம் போடுவார்கள். அதைக் கேட்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

ஒரு பிசானத்து நெல் அறுவடை முடிந்து, வயலைப் பார்த்துக்கொள்கிறவர் வெறுங்கையோடு வந்து நின்றார்.

“தாயி, வயலை அண்ணாச்சிக்கு எழுதிக் குடுத்துட்டியளாமே. நெல்லு இனிமே அங்கனதான் போவணுமாம்” என்றார்.

அப்பாவும் அம்மாவும் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார்கள். கோட்டுக்காரர் விசாரித்து வந்தார். நான் நேரில் ஆபீஸுக்குப் போய், தலையைக் குனிந்துகொண்டு, இடது கட்டைவிரல் ரேகை வைத்திருக்கிறேனாம். குடும்பப் பெண் என்று அப்போது இருந்த அதிகாரி முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லையாம். மரியாதை என்பது சமயத்தில் எவ்வளவு செலவு வைக்கிறது பாருங்கள்.

எனக்கு அப்போது எழுத்துத் தெரியாது. பிற்பாடு எழுதப் படித்த கூத்தை மூன்றாம் வாரத்தில் சொல்லியிருக்கிறேன். ஆகவே நான் எங்கே போனாலும் என் கையெழுத்து என்பது அந்தக் கட்டைவிரல்தான். நான் இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் பாத்திரம் தேய்க்கும்போது விரலைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு கோட்டுக்காரரைக் கூப்பிட்டு, கோட்டை எடுத்து மாட்டுங்கள் என்றேன்.

மூன்று நாவல்பழத்துக்குப் பிறகு

புது ரிஜிஸ்திரார் நிதானமானவர். பழைய புத்தகத்தைத் திறந்து என் நாவல்பழத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அங்கே அழகான ஒரு சக்கரம், வரி வரியாக, எண்ணிவிடலாம்போலப் பதிந்திருந்தது.

“அது பொறவு சுட்டுக்கிட்டது சார்” என்றான் அண்ணன். “பத்திரம் எழுதும்போது விரல் நல்லாத்தான் இருந்துச்சு. வயல் மேல ஆசை வந்து வேணும்னே சுட்டிருக்கா.”

இதை என் முகத்தைப் பார்த்துச் சொன்னான். சின்ன வயதில் என்னைத் தோளில் வைத்துத் தேர் காட்டியவன் அவன்.

எப்போது சுட்டது என்று ரிஜிஸ்திரார் கேட்டார். கோட்டுக்காரர் எழுந்து, கோட்டின் பொத்தான்களை எல்லாம் மாட்டிக்கொண்டு, சட்டப் பிரிவுகளோடு ஆரம்பித்தார். புருஷன் சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது, வேறு யாராவது பார்த்தவர்கள் உண்டா என்று அதிகாரி இடைமறித்தார். அத்தை காலமாகிவிட்டாள். துரைசானி சீமைக்குப் போய்விட்டாள். அக்கம்பக்கத்தார் இத்தனை வருஷம் கழித்து வருஷத்தைச் சரியாகச் சொல்வார்களா? வயல் போய்விட்டது என்றே நினைத்துவிட்டேன்.

அண்ணனிடம் சாட்சி இருந்தது. அதற்காகத்தான் மதினியை அழைத்துவந்திருந்தான். பத்திரம் எழுதின அன்றைக்கு என்னைத் தன்னோடு வண்டியில் கூட்டிவந்ததாக அவள் சொல்ல வேண்டும். ரிஜிஸ்திரார் அவளைப் பார்த்து, பயப்படாமல் நடந்ததைச் சொல்லும்படி கேட்டார்.

மதினி சுவரை விட்டு நகர்ந்து வந்தாள். அதிகாரியிடம் போகவில்லை. என்னிடம் வந்தாள். என் இடது கையை எடுத்து, பழையபடி வெளிச்சத்தில் பிடித்து, கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தாள். மையைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

“இவ அன்னைக்கு வரவேயில்ல” என்றாள். “இது வெந்தப்ப பத்து நாளு எண்ணெ போட்டது நான். எங்க மாமியாரு உசுரோட இருக்கும்போது, இந்தப் பத்திரத்துக்கு ரொம்ப முந்தி. அன்னையிலேருந்து இதுல வரி கெடையாது.”

பிறகு தன் இடது கையை முந்தானைக்குள்ளிருந்து எடுத்து மேஜைமேல் மைத்தகட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“அந்தப் புஸ்தகத்துல இருக்கது என் விரலு. எடுத்துப் பாத்துக்கிடுங்க.”

கோட்டுக்காரருக்குச் சட்டம் தெரியும். ஆள்மாறாட்டத்துக்கு என்ன தண்டனை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அதைப் பார்த்து எனக்கும் தெரிந்துவிட்டது. வயலும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், மனுவைக் கிழித்துப் போடுங்கள் என்று நான் சொன்னேன். சொன்னேனா, அழுதேனா, நினைவில்லை. வயலுக்காகத்தான் போனேன். அந்த நிமிஷத்தில் அந்த வயல் எந்தத் திசையில் இருக்கிறது என்பதுகூட எனக்கு மறந்துபோயிற்று.

ரிஜிஸ்திரார் மதினியின் விரலை நெடுநேரம் பார்த்தார். பிறகு மைத்தகட்டின் மூடியைச் சாத்தினார். மை காய்ந்துவிட்டது, இனி நாளைக்குத்தான் ரேகை எடுக்க முடியும் என்று பொதுவாகச் சொன்னார். இன்றைக்குள் வயலைத் தங்கை பெயருக்குத் திருப்பி எழுதிவைக்க யாருக்காவது எண்ணம் இருந்தால், நாளைக்கு யாருடைய விரலையும் எடுக்கவேண்டிய அவசியம் இருக்காது என்றும் சொன்னார்.

அண்ணன் வெளியே போய்ப் பத்திரம் எழுதுகிறவரைக் கூட்டிவந்தான். சாயங்காலம் கையெழுத்துப் போட்டான். காய்ந்த மை எப்படியோ ஈரமாகிவிட்டது. அவன் ரேகை மிக நன்றாக விழுந்தது.

ரயிலில் கேட்டது

மதினி அவனோடு வண்டி ஏறவில்லை. எங்களோடு ரயில் ஏறிவிட்டாள். யாரும் அவளைக் கூப்பிடவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

கோட்டுக்காரர் எதிர்ப்பலகையில் தூங்கிய பிறகு நான் பைய அவளிடம் கேட்டேன், என் விரலில் ரேகை இல்லை என்று தெரிந்தும் ஏன் வைத்தாய் என்று.

“தெரிஞ்சதுனாலதான் வச்சேன்” என்றாள். “மாட்டேன்னா அவுக வேற எவளையாவது கூட்டிட்டுப் போயிருப்பாவ. அவ இன்னைக்கு வந்து வாயத் தொறப்பாளா?”

அண்ணனிடம் விரலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையா என்று கேட்டேன். ஆணை வைத்தது நீதானே என்றாள். அம்மா போன பிறகு அந்த ஆணைக்கு என்ன அர்த்தம் என்றேன். மதினி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

“எட்டு வருசமா உன் வீட்டுக்கு வந்து உன் கையால சாப்பிட்டாவ. நான் வேற சொல்லணுமா? அவுக என்னைக்குட்டி நம்ம கையப் பாத்தாவ, எலையத்தான பாத்தாவ.”

பந்தி

மதினி பத்து நாள் எங்கள் வீட்டில் இருந்தாள். இந்தத் தடவை நான் அவளுக்குத் தலை பின்னிவிட்டேன். மடங்காத விரலோடு பின்னிய சடை எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் அதை அவிழ்க்காமல் போட்டுக்கொண்டிருந்தாள்.

பதினோராம் நாள் அண்ணன் அவளை அழைத்துப்போக வந்தான். ஒரு சுற்று இளைத்திருந்தான். வாசலில் நின்று, மதினியிடம் இல்லை, என்னிடம் மன்னிப்புக் கேட்டான். அவளிடமும் கேட்டால்தான் அனுப்புவேன் என்றேன். உள்ளே போய்க் கேட்டான். எப்படிக் கேட்டான் என்று தெரியாது. வெளியே வரும்போது கண் சிவந்திருந்தது.

வந்தவனைச் சாப்பிடச் சொல்லாமல் இருக்க முடியுமா? இலை போட்டேன். அன்றைக்குச் சொதி வைத்திருந்தேன், அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கியது. இடது கையில் சட்டி, வலது கையில் கரண்டி. அவன் எதிரே குனிந்து ஊற்றினேன்.

அண்ணன் இலையைப் பார்க்கவில்லை. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக என் கையைப் பார்த்தான். கண் எடுக்காமல் பார்த்தான். போகட்டும், இப்போதாவது பார்த்தானே என்று மனசு இளகிவிட்டது.

அவன் பார்த்துக்கொண்டிருந்தது கரண்டி பிடித்திருந்த வலது கையை.

“விரலு நல்லா ஆறிட்டே கோமதி” என்றான், கண் கலங்க. “தழும்பே தெரியல.”

என் இடது கட்டைவிரல், கொதிக்கிற சட்டியின் விளிம்பை அழுத்திப் பிடித்தபடி, அவன் மூக்குக்கு நேரே நின்றது. அடுப்படிக்குள் மதினி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது.

“ஆமாண்ணே” என்று சொல்லி இன்னொரு கரண்டி ஊற்றினேன்.